இரண்டு சுற்றுத் திருகிய கனெக்டர்

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, தேவனாம்பட்டினத்துப் படகுகளில் வயர்லெஸ் செட் பொருத்திக்கொண்டிருந்தேன். அன்பழகன் படகில் வேலை முடியும்போது சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆன்டெனா கேபிளின் கனெக்டரை மரை முடியும்வரை இறுக்காமல், இரண்டு சுற்று மட்டும் திருகிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாளில் அன்பழகன் கூப்பிட்டார். நடுக்கடலில் அவர் தம்பிக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. உதவி கேட்டு இவர் செட்டில் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கரை சேருமுன் தம்பி இறந்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். கனெக்டர் கழன்று தொங்கியது. அவர் பார்க்காதபடி குனிந்து மறைத்துக்கொண்டு அதை இறுக்கினேன். பிறகு மைக்கின் பட்டனை அழுத்திப் பேசினேன். இன்னொரு படகிலிருந்து உடனே பதில் வந்தது.

அன்பழகன் மைக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "செட்டு நல்லாத்தான் இருக்குதா சார்? அப்ப நான்தான் பட்டன சரியா அமுக்கலியா?"

"ஆமாண்ணே. அழுத்திப் புடிக்கணும்னு அன்னிக்கே சொன்னேனே" என்றேன்.

"எந்தம்பிய நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கரையில் நின்ற தம்பி மனைவி அதைக் கேட்டாள். அவரைத் தேற்ற அவள் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அங்கே போனேன். இரண்டு முறையும் என்னைக் கண்டதும் அவர்தான் தலைகுனிந்தார். அதைப் பார்த்தும் வாய் திறக்காமல் திரும்பியவன் நான்.