பிரேக் சத்தமும் ஊதா மருந்தும்

போன மாதம் முழங்கால் வலிக்காக ஓர் இளம் டாக்டரிடம் போயிருந்தேன். அவர் மேசை ஓரத்தில், பஞ்சு டப்பாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி நின்றது. ஊதா மருந்து. வாய்ப்புண்ணுக்கும் சிரங்குக்கும் அந்தக் காலத்தில் தடவுவோமே, புண் ஆறுகிறதோ இல்லையோ, சட்டை, வேட்டி, தலையணை உறை எல்லாம் பத்து நாளைக்கு ஊதாவாகிக் கிடக்குமே, அதேதான். அதைக் கண்டதும் எனக்கு முழங்கால் மறந்துபோனது. குப்பி மூடியிருந்தும் மூக்கில் சுறா எண்ணெய் வாசம் அடித்தது. "எங்க வலிக்குதுங்க பெரியவரே?" என்று டாக்டர் கேட்டபோது, நான் உச்சிப்புளிக்குப் பக்கத்தில், சாலையோர மணலில், ஒரு கறுப்புக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். அவர் எழுதும் மருந்துச் சீட்டைப் படிக்க ஊரிலேயே இரண்டு பேரால்தான் முடியும் என்பார்கள். ஒருவர் அவர், இன்னொருவர் நான். உண்மையில் பாதி நேரம் நானும் ஊகித்துத்தான் மருந்து கலந்தேன். யாரும் சாகவில்லை என்பதால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன். டாக்டரம்மா அதிகம் பேச மாட்டார், அதட்டவும் மாட்டார். கோபம் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மெதுவாக மூடுவார். அந்த மூடி திருகும் சத்தம் கேட்டால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது கை வைத்தியம். தீப்புண்ணில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள், பிசகிய காலை நாலு பேர் பிடித்து இழுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் யாரையும் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். "எப்ப வலிக்குது? எப்ப வலிக்கல? வலி வாரதுக்கு முன்னாடி நீயா என்ன பண்ணுன?" முதல் இரண்டுக்கும் படபடவென்று பதில் வரும். மூன்றாவதற்கு ஆள் விட்டத்தைப் பார்ப்பான். "ஒண்ணும் பண்ணலையே தாயி" என்பான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் சிரிப்பேன். இந்த ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வருமோ என்று தலையையும் ஆட்டிக்கொள்வேன்.

டாக்டரம்மாவின் கார் என் கைக்கு வந்தது ஒரு விபத்து. நல்லவேளையாக, அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தில் அல்ல. பழைய டிரைவர் கொழும்பில் வேலை கிடைத்ததென்று கப்பலேறிவிட்டார். போவதற்கு முன் மூன்று வாரம் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான்காவது வாரமே எனக்கு வண்டியைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். டீக்கடையில் கியரைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். "கம்பவுண்டரே, காருக்கும் மிக்சர் கலந்து குடுக்குறீகளாமே?" என்று கடைக்காரர் கேட்டதைக் கேலி என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆனது.

மண்டபம் சாலையில் போய்வந்தால் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். காரின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் துருப்பிடித்து உதிர்வதைப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் வேதாளையிலிருந்து ஒரு சம்மாட்டி கர்ப்பமாயிருந்த தன் மகளை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் வந்துபோனார். நாலு படகு வைத்திருப்பவர். "படகுக்குச் சுறா எண்ணெயப் பூசுறோம், கடலுக்குள்ளயே கெடக்குது, ஒண்ணும் ஆகல. ரோட்டுல போற காருக்கு என்ன கம்பவுண்டரே?" என்று சொல்லி, அடுத்த தடவை ஒரு டின் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஸ்பிரிங் பட்டைகளைச் சக்கர அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளின் நட்டுகளைத் தளர்த்தினேன், எண்ணெய் உள்ளுக்குள் இறங்க வேண்டுமல்லவா! தாராளமாகப் பூசினேன். நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, ராத்திரி ஊறட்டும், காலையில் இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் கூடம் நிறைய நோயாளிகள். அப்புறம் மறந்தே போனேன்.

நாலாம் நாள் சத்தம் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் பின்னாலிருந்து 'கடக்'. டிக்கியில் கிடக்கும் ஜாக்கிதான் என்று அதைச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். கடக். சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடக். பின் கதவைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன்; டாக்டரம்மா ஏற முடியாமல் வெளியே நின்றதுதான் மிச்சம். நட்டுகளின் ஞாபகம் வரவே இல்லையா என்று கேட்டால், சத்தம் ஆரம்பித்த மறுநாளே வந்தது. ஆனால் அங்கே கை வைத்தால் எண்ணெய் பூசியது தெரியும், தெரிந்தால் நான் கை வைத்தியம் பண்ணியது தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே திரும்பி வரும். அதனால் அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் வைத்தியம் பார்த்தேன்.

இப்படியிருக்க ஒருநாள் காலை ரயிலில் சம்மாட்டி வந்து இறங்கினார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது. முன்னே இரண்டு பிரசவத்திலும் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை நானே வாரேன் என்று டாக்டரம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார். பையைத் தூக்கி வைத்தோம், சம்மாட்டி முன்னால் ஏறினார், கிளம்பினோம். உச்சிப்புளியைத் தாண்டியதும் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. மிதித்தேன். 'கடக்' என்ற சத்தத்தோடு இந்தத் தடவை வண்டியின் பின்பாகமே ஒருபக்கமாக நழுவி, சாலையை விட்டு மணலில் போய் நின்றது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை.

"யா அல்லா! அம்மா, மாட்டு வண்டி பாக்கட்டுமா? அடுத்த ரயிலு சாயந்தரந்தான்" என்று சம்மாட்டி பதறினார். மாட்டு வண்டியில் போனால் பிள்ளை பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் சேர முடியும். "கொஞ்சம் பொறுங்க" என்றார் டாக்டரம்மா. என்னிடம் திரும்பி, நோயாளியிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "எப்ப சத்தம் வருது?"

"பிரேக் போட்டாம்மா."

"எப்ப வரல?"

நான் அதை யோசித்ததே இல்லை. அவர் கீழே இறங்கி நின்றுகொண்டு, வண்டியை மெதுவாக நகர்த்தி மிதிக்கச் சொன்னார். கடக். வண்டி நிற்பதற்குள் பிரேக்கை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். சத்தமே இல்லை. நிறுத்திப் புறப்படச் சொன்னார். புறப்படும்போது மீண்டும் ஒரு கடக். அதன் பிறகு மிதித்தால் மறுபடி கடக். "புறப்படுறப்ப ஏதோ ஒண்ணு முன்னால போகுது, பிரேக் போட்டா பின்னால வருது. போனது போன எடத்துலயே இருந்தா சத்தமில்ல" என்றார். "மூட்டு கழண்ட தோள் இப்படித்தான் பண்ணும்."

சேலையைச் சொருகிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஊசி போடுவதற்கு முன்னால் துடைப்பது போல அச்சும் பட்டையும் சேரும் இடத்தில் துடைத்தார். பஞ்சை முகர்ந்தார். "மீன் வாடை அடிக்குதே?"

"மீனில்லம்மா, சுறா எண்ணெ. நம்ம வீட்டுச் சரக்கு" என்றார் சம்மாட்டி, அந்தக் கலவரத்திலும் ஒரு பெருமிதத்தோடு. "கம்பவுண்டருக்கு நாந்தேன் குடுத்தேன்."

டாக்டரம்மா அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஊதா மருந்தை எடுத்து, பட்டையிலிருந்து அச்சின் மேல்வரை ஒரே நேர்க்கோடாகக் குச்சியால் இழுத்தார். காய்வதற்கு ஊதினார். பிறகு வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, பிரேக் மிதிக்காமல் மணலில் தானாக நிற்க விடச் சொன்னார். இறங்கி வந்து பார்த்தேன். கோடு இரண்டாக உடைந்திருந்தது. மேல்பாதி ஓரிடம், கீழ்ப்பாதி அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி. அச்சு பட்டையை விட்டு நகர்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருப்போம் என்பதை அந்தக் கோடே சொன்னது. டாக்டரம்மா குப்பியின் தக்கையை எடுத்து மெதுவாக மூடினார். பேனாவை மூடும் அதே நிதானத்தில்.

"சத்தம் வாரதுக்கு முன்னாடி நீயா என்ன பண்ணுன?"

அங்கே விட்டம் இல்லை, பார்ப்பதற்கு. வானத்தைப் பார்த்தேன். பருந்து ஒன்று வட்டமிட்டது. அதற்கும் என் கதை தெரிந்திருந்தது போல. சொல்லிவிட்டேன். எண்ணெய், தளர்த்திய நட்டு, மறந்தது, மறக்காமல் மறைத்தது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இதை முந்தியே சொல்லியிருந்தா இப்ப நாம வேதாளையில இருப்போம்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

காருக்கு அடியில் நுழைந்தேன். ஸ்பானர் என் பலத்துக்கு மசியவில்லை. "ஏலே தள்ளு, இது மருந்து ஆத்துற கை" என்று சம்மாட்டி என் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, தானே உள்ளே போனார். நங்கூரம் இழுத்த கை. நாலு நட்டும் கிறீச்சிட்டு இறுகின. அடுத்த பக்கத்து நாலும் அப்படியே. மீண்டும் ஸ்பிரிட், மீண்டும் ஊதாக் கோடு, மீண்டும் ஓட்டி மிதித்தேன். சத்தமில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கோடு உடையவில்லை. "ஏறுங்க" என்றார் டாக்டரம்மா.

மிச்ச தூரம் முழுவதும் சம்மாட்டி உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். நானும் என் பங்குக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது. டாக்டரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். கொஞ்ச நேரந்தான். அரைமணிகூட இருக்காது. பிள்ளை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம். பிறகு இன்னொரு அழுகை கேட்டது, சின்னது, கோபமானது. சம்மாட்டி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஆட்டுமந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் இன்னும் உட்கார்ந்திருந்தால் என்று எண்ணிப் பார்த்தேன். நானும் கொஞ்சம் அழுதேன். பெண் குழந்தை.

திரும்பும்போது சம்மாட்டி சந்தோஷத்தில் இன்னொரு டின் சுறா எண்ணெயைத் தூக்கி வந்தார். "அத எங்க கம்பவுண்டர் கண்ணுல காட்டாதீக" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பாதி வழியில், பையிலிருந்து ஊதாக் குப்பியை எடுத்து என் பக்கத்து இருக்கையில் வைத்தார். "இது வண்டியிலயே இருக்கட்டும். கோட்ட தினமும் நீயே பாத்துக்க. எங்கிட்ட வந்து காட்ட வேணாம்." மூன்று கேள்வியில்லாமல் அவர் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை; அதுவும் என் பொய் பிடிபட்ட அதே நாளில். பிறகு அவர் காரை விற்கும்வரை ஒரு நாளும் தவறாமல் குனிந்து பார்த்தேன். அவர் எழுதியதில் எனக்கு ஊகிக்காமல் புரிந்தது அந்த ஒரு கோடுதான்.

இளம் டாக்டர் என் காலை மடக்கி நீட்டினார். முழங்காலிலிருந்து 'கடக்' என்றது. எப்போது வலிக்கிறது என்று கேட்டார், சொன்னேன். எப்போது வலிப்பதில்லை என்றார், அதையும் சொன்னேன். "நீங்களா ஏதாவது தடவுனீங்களா?"

விட்டத்தைப் பார்க்கவில்லை. "சுறா எண்ணெய். ரெண்டு வாரமா" என்றேன். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஊதா மருந்தால முட்டிக்கு மேலருந்து கீழ ஒரு கோடு போடுங்க டாக்டர், உடையுதான்னு நான் பாத்துக்கிறேன்" என்றேன். கிழவனுக்கு மூட்டோடு வேறு ஏதோவும் கழன்றிருக்கிறது என்று நினைத்திருப்பார். ஆனாலும் நல்ல பிள்ளை, போட்டுவிட்டார். போர்வையெல்லாம் ஊதாவாகிவிட்டது என்று வீட்டில் திட்டு. தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். கோடு இன்னும் உடையவில்லை.