கோயில் மணிக்குச் சேர்த்த சுருதி

என் தங்கை குமுதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடமாகக் கச்சேரிகளில் வயலின் வாசிக்கிறாள். நோட்டீசில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். பக்கவாத்தியம் என்று இவள் பெயர் கீழே சிறிதாக இருக்கும். மலேசியாவில், எங்கள் சிரம்பானில் அவள் வாசித்த கச்சேரிகளில் நான் போகாதது மூன்றுதான். மூன்று நாளும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிப்ட். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவன் நான். ராகம் தெரியாது. இவள் வாசிப்பு பிசகாது என்பது தெரியும்.

வார நாட்களில் மம்பாவில் வீட்டிலேயே வயலின் வகுப்பு, அதுதான் சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கெமாஸ் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், முனியாண்டி கோயில் மண்டபத்தில் எட்டுப் பேருக்கு இலவச வகுப்பு. ஒன்பது வருடமாகப் போகிறோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கார் ஓட்டுவது நான்.

போன மாசி மாதம் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. கைக்கு வேலையைக் குறைக்காவிட்டால் வயலினே பிடிக்க முடியாமல் போகும் என்றார் டாக்டர். எதையாவது விட்டாக வேண்டும்.

"தோட்டத்த விட்டுடும்மா," என்றேன். "எட்டு வயலினுக்கும் நீயே சுருதி சேக்குற. அதுலயே பாதி கை போயிடுது."

ஈரக்காற்றில் அங்கே தந்தியை முறுக்கும் பிருடைகள் உப்பி இறுகிவிடும். ஒவ்வொரு வாரமும் முப்பத்திரண்டையும் இவள்தான் திருகுவாள்.

"சரிண்ணே. நானே நேர்ல போயி சொல்லிடறேன்," என்றாள்.

அந்த ஞாயிறு நாங்கள் நுழைந்தபோது எட்டுப் பேரும் வயலினோடு உட்கார்ந்திருந்தார்கள். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் மாரியம்மாதான் மாணவிகளில் மூத்தவள். அவள் சொன்னாள்: "டீச்சர், ஒங்க கை வலிக்குதுன்னு தெரியும், நீங்க பிருடையத் தொட வேணாம். நாங்களே சேத்துட்டோம்."

"எத வச்சு சேத்தீங்க?"

"போன்ல சுருதி வச்சுப் பாக்கலாம்னா லைன் இல்லலா. கோயில் மணிய அடிச்சு அடிச்சு அதுக்கு சேத்தோம். பூசாரி ஏசுறாரு, சாமி எத்தன தடவதான் எந்திரிக்கும்னு."

குமுதா ஒவ்வொரு வயலினையும் மீட்டிப் பார்த்தாள். எட்டும் ஒன்றாக இருந்தன. ஆனால் அவள் வயலினைவிட அரைக் கட்டை இறங்கியிருந்தன.

"தப்பா டீச்சர்?"

"ஒண்ணும் தப்பில்ல. நான்தான் மேல இருக்கேன்."

தன் நான்கு தந்திகளையும் இறக்கினாள். நான்காவது பிருடையில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்த விஷயத்தைச் சொல் என்பதுபோல நான் வாசலில் நின்று இரண்டு முறை இருமினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

காரில் கேட்டேன். "சொல்லலயா?"

"சொல்லலண்ணே. திருகுனாதான் வலி. வாசிச்சா அவ்வளவா இல்ல."

"பொய்யி."

"கொஞ்சம் பொய்தான்." கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். "மாசம் ரெண்டு தடவ போவோம். ஒனக்கு முடியுமா?"

எனக்கு அறுபத்திரண்டு. நான்கு மணி நேரம் ஓட்டினால் மறுநாள் முதுகு நிமிராது.

"பாப்போம்," என்றேன். வழியில் பஹாவ் ஊர் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

வீட்டில் வயலின் பெட்டியை நான்தான் இறக்கி வைத்தேன். "கச்சேரிக்கு மறுபடியும் சுருதிய ஏத்தணுமே?" என்று கேட்டேன்.

"புதன்கிழமதானே. ஏத்திக்கலாம்," என்றாள். "இன்னிக்கு முடியலண்ணே."

காலண்டரை எடுத்து, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று மார்கழி வரைக்கும் பென்சிலால் வட்டம் போட்டேன்.