போட்டியில் பலகை தருவார்களா?

குளோரின் வாடையும் வெயிலில் காய்ந்த ரப்பர் வாடையும் கலந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் போகாமல் சாப்பாட்டுத் தட்டு வரை கூடவே வரும். தருமபுரியில் நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை எனக்கு அந்த வாடையாகத்தான் நினைவிருக்கிறது. நீச்சல் பழகக் கொடுக்கும் மிதவையின் வாடை அது. கிக்போர்டு என்பது அதன் பெயர், எங்களுக்கு வெறும் 'பலகை'. அதை இரு கைகளாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் உதைத்து நீச்சல்குளத்தைக் கடக்க வேண்டும்.

எனக்கு அது சுலபமாக வந்தது. பலகையோடு என்னை யாரும் முந்தியதில்லை. அதை விட்டால் பாதிக் குளத்திலேயே மூச்சு முட்டும். என் தோழி தனலட்சுமி நேர் எதிர். கடத்தூரில் தங்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்களோடு குதித்துப் பழகியவள், தண்ணீரைக் கைகளால் இழுத்து வழுக்கிக்கொண்டு போவாள். பலகையைக் கொடுத்தால் மட்டும் தலை தூக்கி, இடுப்பு தாழ்ந்து, இருந்த இடத்திலேயே நுரை கிளப்புவாள். "கையக் கட்டிப்போட்டு ஓடச் சொல்றாங்க ஷமீமு" என்று புலம்புவாள்.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று பயிற்சியாளர் எல்லோர் கையிலும் பலகையைக் கொடுத்தார். நான் முதலில் வந்தேன், தனம் கடைசி. "காலே வேலை செய்யல, உனக்கெதுக்கும்மா போட்டி? கெணத்து நீச்சலெல்லாம் இங்க எடுபடாது" என்று அவர் சொன்னதும் அவள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்கின. தேர்வான எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், போட்டியில பலகை குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. அதுக்கென்ன இப்போ?"

"அப்பறம் எதுக்கு சார் அத வச்சு ஆள் எடுக்கறீங்க? நானும் தனமும் பலகையில்லாம போறோம். யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்கள அனுப்புங்க."

"வாய் ரொம்ப நீளம் உனக்கு" என்றார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் அத்தா எழுந்தார். பெற்ற மகளை எல்லோர் முன்னாலும் அறையப்போகிறார் என்றே நினைத்தேன். "புள்ள கேக்கறது சரிதானுங்களே சார். வுட்டுத்தான் பாருங்களேன்" என்றார் அத்தா.

பயிற்சியாளர் வேண்டாவெறுப்பாக விசிலை ஊதினார். நான் நடுக்குளத்தில் திணறி நிமிர்ந்தபோது தனம் எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டிருந்தாள். என் இடம் போனது. வாயெல்லாம் தண்ணீரோடு முதலில் கைதட்டியவளும் நான்தான். மாவட்டப் போட்டியிலிருந்து அவள் பதக்கத்தோடு திரும்பினாள்.

இன்று இதே ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன். அந்தப் பயிற்சியாளர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். விளிம்பு பிய்ந்த அந்தக் காலத்துப் பலகைகளும் போய், மீன் படம் போட்டவை வந்துவிட்டன. பலகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு அது துணை. காலுக்குக் கொஞ்ச நேரம் நல்ல வேலை. நாளெல்லாம் அதையே பிடித்துக் கிடந்தால் கழுத்து நிமிர்ந்து இடுப்பு அமிழ்ந்து, எப்போது மூச்சு எடுப்பது என்பதே தெரியாமல் போகும். எனக்கு அப்படித்தான் போனது. அதை வைத்து ஒரு பிள்ளையை அளப்பது மட்டும் என்னிடம் நடக்காது. "எல்லா ஊர்லயும் பலகையில டைம் பாத்துத்தான் எடுக்கறாங்க மேடம்" என்று உடன் வேலை செய்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். தேர்வு நாளில் பலகைகளையெல்லாம் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் விசிலைக் கையில் எடுக்கிறேன்.