சாக்பீஸ் குறியை அழித்தவன்

செல்வம் அண்ணா, உன்னிடம் சொன்ன பொய்யை இன்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

லோத்குண்டாவில் நம் வெல்டிங் பட்டறைக்கு, ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் வந்தது. காட்டில் புதர் இடிக்காமல் இருக்க முன்பக்கம் இரும்புக் குழாயில் தடுப்புக் கார்டு கேட்டார்கள். முதலில் மூட்டுகளில் புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்துப் பொருத்திப் பார்ப்போம். முழு வெல்டிங் போடாத மூட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவாய். அடியில் இரண்டு குறிகள் மீதி இருந்தன. ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்கச் சோம்பல்பட்டு, குறியை அழித்துவிட்டுப் பெயிண்ட் அடித்தேன்.

"கீழ முழுசா போட்டியாடா?"

"ஹவ்ண்ணா, ஆமா, போட்டாச்சு. என் மேல நம்பிக்கையே இல்ல உனக்கு."

"சரிங்க, பெரிய மேஸ்திரி!" என்று சிரித்தாய். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது ஜீப் சேற்றில் சிக்கியது. கார்டில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். நீ பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தாய். மூட்டு விட்டுப்போய், கார்டு பிய்ந்து உன் மேல் வந்து அடித்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

"செல்வம் போட்ட வெல்டிங்தானே, பாவம்" என்று சாவு வீட்டில் பேசினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இனி சொல்லி என்ன, நீ வரப்போவதில்லை.

இதைப் படிப்பவர்கள் என் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நல்ல வெல்டர் என்று சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.