முப்பிடாதியம்மாளின் மொட்டை

எங்கள் தாராவிச் சந்தில் முப்பிடாதியம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "டக்லி" என்றால்தான் தெரியும். பம்பாய் இந்தியில் மொட்டைச்சி. இப்போது அவளுக்கு இடுப்பு வரை முடி தொங்குகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. கிறுக்குப் பிடித்து மொட்டை போட்டவள் என்று நேற்று ரயிலில் வந்து இறங்கியவன்கூடச் சொல்கிறான். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மொட்டையை அடித்தவன் நான். ஏன் அடித்தாய் என்று ஒரு பயலும் என்னிடம் கேட்டதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அறுபத்தொன்றாம் வருடம், மழை ஓய்ந்த சமயம். அவள் புருஷன் பூலோகத்துக்குத் தோல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் வேலை. ஒரே மகள் முருகம்மாள் இரண்டாம் வகுப்பு படித்தாள். மாட்டுங்காவிலிருந்து வருகிற ஷ்யாமளா டீச்சர், வகுப்பில் பேன் பரவுகிறது என்று சொல்லி, நல்ல உடுப்புப் போட்ட பிள்ளைகள் கையில் வீட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முருகம்மாளையும் இன்னும் இரண்டு கிட்டங்கி வீட்டுப் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தி, காகிதம் வெட்டுகிற கத்திரியால் முடியை வெட்டித் தள்ளினார். பிள்ளை தலை எலி கடித்த மாதிரி இருந்தது. இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று தண்ணி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

பேன், முடி வெட்டுகிற நான் தினம் பார்க்கிற ஜந்து. காதுக்குப் பின்னால், பிடரியில், சூடான இடமாகப் பார்த்து ரத்தம் குடிக்கும். ஈரை முடியோடு சேர்த்து ஒட்டிவிடும். தலையும் தலையும் உரசினால் போதும், அடுத்த ஆளுக்கு ஏறிவிடும். எந்தத் தெருத் தலை என்று அது விசாரிப்பதில்லை. டீச்சர்தான் விசாரித்தார்.

மறுநாள் காலை முப்பிடாதி மகளை இழுத்துக்கொண்டு என் கடைக்குள் வந்தாள். பொம்பளை நுழையாத கடை. நாற்காலியில் இருந்தவன் பாதி முகச் சோப்போடு எழுந்து ஓடினான்.

"அண்ணாச்சி, இவ தலையச் சமமா வழிச்சி விடுங்க. அதுக்கு முந்தி எனக்கு மொட்டை."

"ஏ, ஒனக்குக் கிறுக்கா? புருஷன்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்!"

"திருச்செந்தூர்ல எறக்கினா எவனும் புருஷனப் பத்திக் கேக்க மாட்டான். சாமிக்குக் குடுக்கலாம், பெத்த பிள்ளைக்குக் குடுக்கப்படாதாக்கும்?"

நான் கத்தியைத் தீட்டினேன். முதல் கற்றை விழுந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்தியது. முழுக்க இறங்கியதும், "யம்மா, நீ தாத்தா மாதிரி இருக்கே" என்று சிரித்துவிட்டது. பிறகு தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

அதற்குள் பூலோகம் ஓடி வந்தான். "நான் உசுரோட இருக்கேன்ட்டீ!"

"இருக்கியள்லா? அப்ப நேத்தே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம்லா."

அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நான் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னால் போனேன். வெயிலில் இரண்டு தலையும் மின்ன, சந்துப் பயல்கள் "டக்லி, டக்லி" என்று கூவிக்கொண்டே வந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வகுப்புக்குள் போய் மகளைப் பக்கத்தில் இருத்தித் தரையில் சம்மணம் போட்டாள். நான் ஜன்னலில் நின்றேன்.

"யாரும்மா நீ? எழுந்து வெளில போ!"

"இவ அம்மா, டீச்சர். ராத்திரி ஒரே பாயிலதான் படுக்கோம். இவ தலைல பேன்னா என் தலைலயும்தான். அதான் எறக்கிட்டேன். சீட்டு வாங்கின பிள்ளைகளுக்கு எப்ப எறக்கப் போறீங்க?"

"அவாள்லாம் வீட்ல பாத்துப்பா."

"அப்ப எங்களுக்கு வீடு இல்லையாக்கும்?"

பெரிய வாத்தியார் வந்து, "எழுந்திரும்மா, பேசிக்கலாம்" என்றார். கத்திரியை நீங்க எடுத்துக்கிட்டாத்தான் எழுந்திருப்பேன் என்றாள். அவர் மேஜை மேலிருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை. ஆனால் அதற்குப் பிறகு பேன் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் சீட்டுதான். முருகம்மாள் ஒரு நாள்கூட நிற்காமல் போனாள். இப்போது ஹைஸ்கூல்.

போன மாதம் பூலோகத்துக்கு விக்ரோலியில் கம்பெனி வேலை கிடைத்தது. சாமானைக் கைவண்டியில் ஏற்றிவிட்டு அவள் என் கடை வாசலுக்கு வந்தாள்.

"விக்ரோலில ஒன்னை எவனும் டக்லின்னு கூப்பிட மாட்டான், போ" என்றேன்.

"பேரு கெடக்கட்டும் அண்ணாச்சி. அந்த டீச்சர் இன்னும் இங்கதான் இருக்காங்க. இன்னொரு பிள்ளை தலைல கத்திரி வச்சாங்கன்னா எனக்கு ஆள் அனுப்புங்க. நான் ட்ரெயின் பிடிச்சு வர்றதுக்குள்ள சோப்பைக் குழைச்சு வைங்க."