தீவின் பெயர் கொண்ட வள்ளம்

குருநகர் மீனவர் மடுத்தீனுக்கு, ஊர் உதைபந்தாட்ட அணி தோற்றால் அன்று சோறு இறங்காது.

அண்மையில் அவர் எதிர்க்கரைத் தீவில் பழைய மரவள்ளம் ஒன்றை வாங்கியிருந்தார். தேவாலயத் திருநாளில் சுவாமியார் ஆசீர்வதித்த பிறகே புதுப்பெயர் எழுதுவது வழக்கம் என்பதால், முகப்பில் இன்னும் அந்தத் தீவின் பெயரே இருந்தது.

இறுதிப்போட்டியில் அந்தத் தீவு அணியிடமே ஊர் தோற்றது. கொதித்துப்போய்க் கரைக்கு ஓடிய இளைஞர்கள், முகப்பிலிருந்த பெயரைக் கண்டதும் வள்ளத்தை அடித்து உடைத்துக் கொளுத்தினார்கள்.

மைதானத்தில் தொண்டை கட்டக் கத்திவிட்டுப் பின்னால் வந்த மடுத்தீன், எரிகிற மரத்தைத்தான் கண்டார்.

"தீவு ஆக்கள் வந்த வள்ளமெண்டு நினைச்சுத்தான் கொளுத்தினனாங்கள், அண்ணை," என்று, அது அவருடையதென அறிந்ததும் ஒருவன் அழுதான்.

 மடுத்தீன் மெல்லக் கேட்டார்:

"ஏன்ரா, அவங்கடை வள்ளமெண்டா கொளுத்தலாமோ? அவங்கடை பிள்ளையள் பந்தையோ தின்னுதுகள்?"