ஆறு மணிச் சண்டை

லிஃப்ட் மெக்கானிக் மூன்று தடவை குடியை விட்டார். முதல் இரண்டு தடவையும் குடி அவரை விடவில்லை. மூன்றாம் தடவை சிகிச்சை முடிந்து மையத்திலிருந்து கூட்டிப்போக வந்த மனைவி, "இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். வேலை இருக்கிறதா, வீட்டில் துணை உண்டா, பழைய கூட்டாளிகளை விடுவீர்களா, மாதாமாதம் கூட்டத்துக்கு வருவீர்களா என்று ஒரே கேள்விமயம்.

"வைராக்கியத்த மட்டும் நம்பாதீங்க. வெளிய போன பிறகும் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கறவங்கதான் பெரும்பாலும் நிலைக்கறாங்க. ஆசை வந்தா அரை மணி நேரம் ஓட்டுங்க, அடங்கிடும். அதுவரைக்கும் பேச ஒருத்தர் நம்பர் குடுங்க."

நம்மவருக்குக் குசும்பு ஜாஸ்தி. யார் எடுக்கவே மாட்டாரோ அவர் எண்ணைக் கொடுத்தார். மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இரவல் வாங்கிய ஏணியை நம்மவர் ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து, பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

முதல் வாரமே ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை முடிந்து வரும் வழியில் பார் வாசலில் கால் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமே என்று எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் மச்சான்.

"நான்தான். குடிக்கணும் போல இருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து, "என் ஏணிப் படி எங்க மாப்பிள்ளை?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. "உளுத்துப்போன ஏணியக் குடுத்து என்னக் கொல்லப் பார்த்தீங்களே!" என்று இவர் கத்த, அவர் கத்த, தொண்டை கட்டியபோது நம்மவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பார் பின்னால் எங்கேயோ போயிருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குச் சண்டை. ஏணி தீர்ந்ததும் கல்யாணத்தன்று வராத வேன். வேன் தீர்ந்ததும் யார் குறட்டை பெரிது என்பது. மாதக் கூட்டத்தில் ஒருத்தர் நடைப்பயிற்சி என்றார், ஒருத்தர் தியானம் என்றார். இவர், "மச்சான்கூட சண்டை போடறேன்" என்றார். ஆலோசகர் அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நாலு பேர் மச்சானின் எண்ணைக் கேட்டார்கள். இவர் கொடுக்கவில்லை.

பதினோராம் மாதம், சோதித்துக்கொண்டிருந்த லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் இவரை உள்ளே வைத்து நின்றது. போனில் சிக்னல் இல்லை. சரியாக ஆறு மணிக்கு நாக்கு வறண்டது. வேறு வழியில்லாமல் மச்சான் குரலிலும் தன் குரலிலும் தானே சண்டை போட்டார். உள்ளே ரெண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று காவலாளி பயந்துபோய்த் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டார்.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால், மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் குடிக்க ஆரம்பிச்சிட்டாரு! ஏழு பார்ல ஏறி இறங்கினாராம், பழக்கடைக்காரர் கண்ணால பார்த்திருக்காரு. உங்க சகவாசம்தான்!"

அப்போது மச்சானே வந்து நின்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, ஒரு காலில் செருப்பைக் காணோம். நேரே வந்து மாப்பிள்ளையின் வாயை முகர்ந்தார். நம்பாமல் இன்னொரு தடவை முகர்ந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஆறு மணிக்கு போன் வரல. ஆறு அஞ்சுக்குக் கடைய அடைச்சிட்டேன். ஒவ்வொரு பாரா நுழைஞ்சு, மேஜைக்கு அடியிலகூடக் குனிஞ்சு தேடினேன்யா..."

நம்மவருக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்மேலதான் மச்சான். இத்தன வருஷமும், எல்லாத்துலயும்..."

மச்சான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"ஒத்துக்காதீங்க மாப்பிள்ளை! நாளைக்கு ஆறு மணிக்கு நான் எதப் பேசறது?"